பரணிலிருந்து இறங்கிய விளக்கு

பழைய பொருள்களைக் கண்டால் நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அல்லது கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துப் பெருமை கொள்கிறோம். மூன்றாவது வழியும் ஒன்று உண்டென்று எனக்குக் கற்பித்தது ஓர் அரிக்கேன் விளக்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப் போட்டபோது, பெருங்குடியில் எங்கள் தெருவிலும் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் இல்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. சற்றுத் தொலைவில் பழைய மாமல்லபுரம் சாலையில் வானளாவிய கண்ணாடி மாளிகைகள் நிற்க, நாங்கள் ஒரு மெழுகுவத்தித் துண்டைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அப்போது ஆயா சொன்னார்: "பரண் மேல தாத்தா லாந்தர் கிடக்கும், பாருப்பா."

கிடந்தது, ஆனால் விளக்கென்று சொல்ல முடியாத நிலையில்! பெருங்குடி வயலும் ஏரியுமாக இருந்த நாளில், இரவில் மடை திருப்பத் தாத்தா எடுத்துச் சென்ற விளக்கு அது. உப்புக் கலந்த கடற்காற்று தகரத்தைத் தின்றிருந்தது. எண்ணெய்த் தொட்டியின் அடித்தகடு ஓட்டை. கண்ணாடிச் சிம்னி மட்டும் உடையாமல் தப்பியிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். பாகங்களைக் கழற்றிச் சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, ஒரு நாள் வினிகரில் ஊறவைத்தேன். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் துருவை இளக்கியது. உப்புத்தாளால் தேய்த்து, மிஞ்சிய அமிலம் போகச் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி வண்ணம் பூசினேன்.

அப்போதுதான் பக்கவாட்டுக் குழாய்கள் இரண்டின் பயன் எனக்கு விளங்கியது. அவை வெறும் பிடிகள் என்றே எண்ணியிருந்தேன். மேலிருந்து புதிய காற்றைத் திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை அவை. காற்று அவ்வழியே சுற்றி வருவதால்தான் வெளியே புயலடித்தாலும் சுடர் எளிதில் அணைவதில்லை. 1870களில் அமெரிக்கரான ஜான் இர்வின் வகுத்த அமைப்பு இது. எங்கள் ஏரிக்கரை வரை அது வந்திருக்கிறதே என்று வியந்தேன்.

ஓட்டைத் தொட்டியில் இனி மண்ணெண்ணெய் ஊற்ற வழியில்லை. ஆகவே அதனுள் 3.7 வோல்ட் லித்தியம் மின்கலம் ஒன்றையும், அதை மின்னேற்றும் சிறு பலகையையும் பொருத்தி, அடியில் புதுத் தகடு ஒன்றைத் திருகினேன். திரி நின்ற இடத்தில் ஒரு வாட் எல்.இ.டி. விளக்கு. உடம்பில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை.

ஆயாவிடம் காட்டத் தயக்கமாக இருந்தது. தாத்தாவின் நினைவைக் கெடுத்துவிட்டேன் என்பாரோ? அவரோ சிரித்தார். "நல்லதாப் போச்சு. தினம் சாம்பல் போட்டுச் சிம்னி துடைச்சுத் துடைச்சு என் கை தேஞ்சுது. அந்தப் புகையில எத்தனை ராத்திரி இருமியிருக்கேன்!" எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பட்ட பாட்டை நான் அழகு என்று எண்ணியிருக்கிறேன்.

பிறகு அவர் திரி ஏற்றும் திருகைத் திருப்பினார். ஒளியில் மாற்றமில்லை. "இத்தத் தணிக்க முடியாதா? உங்க தாத்தா வயலுக்குப் போனா நான் விளக்கை அணைக்க மாட்டேன். தணிச்சுத் திண்ணையில வைப்பேன். அவர் வர்ற வழிக்கு அது போதும்."

வினிகரையும் வோல்ட்டையும் கணக்கிட்ட நான் இதைக் கேட்கத் தவறிவிட்டேன். மீண்டும் விளக்கைப் பிரித்தேன். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சிறிய மின்தடைக் கருவி ஒன்றை அந்தப் பழைய திருகின் அச்சோடு இணைக்க ஒரு வாரமாயிற்று. இப்போது திருகைத் திருப்பினால், திரி இறங்குவது போலவே ஒளியும் மெல்ல இறங்குகிறது.

நண்பர்களே, பழையதைப் புதுப்பிக்க முனைவோர் கையில் கருவியை எடுக்குமுன், அதை ஆண்டவர்களிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இதில் எது உங்களை வருத்தியது? எது உங்களுக்கு வேண்டியிருந்தது?

அடுத்த மின்தடை இரவில் விளக்கைக் கூடத்தில் வைத்தோம். படுக்கப் போகுமுன் ஆயா தாமே எழுந்து வந்து அதைத் தணித்துவிட்டுப் போனார்.