கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம்

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்குச் சீட்டாட்டம் கிடையாது, புகை கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவோ என்னவோ, பவளப் பூச்சி வளர்க்க ஆரம்பித்தான். பவளம் என்றால் புதுக்கோட்டைக்காரர்களாகிய நமக்குத் தெரிந்தது மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல். அது மத்தியதரைக் கடலில், வெயில் அதிகம் எட்டாத இடத்தில் வளரும் ஜாதி. தம்பி வளர்ப்பது வேறு ஜாதி. வெயில் இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும் ஜாதி.

நம் ஊரில் இந்த ஆசையெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. மண்டபத்துக்கும் ராமேசுவரத்துக்கும் போனால் பவளப்பாறை இருக்கிறது; தூத்துக்குடி வரையில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி அள்ளியதை இனியும் அள்ள விடக்கூடாது என்று, 2001-இல் அதை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன காவலோ அதே காவல் பவளத்துக்கும். தம்பி வைத்திருந்தது அங்கே கடையில் விலைக்கு விற்கும், பண்ணையில் வளர்த்த கிளைகள்.

நான் சென்ற ஆண்டு அவன் வீட்டுக்குப் போனது பவளம் பார்க்க அல்ல. அம்மாவைப் பற்றிப் பேச.

அப்பா போன பிறகு, திருக்கோகர்ணத்து வீட்டில் இரண்டாம் கட்டு அறைதான் அம்மாவுக்கு உலகம். ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டாள். தம்பி வாரந்தோறும் டெலிபோனில் சொல்லுவான்: "அண்ணே, அந்த இருட்டிலே அம்மா இருக்கவேண்டாம். டிக்கெட் அனுப்பறேன், இங்கேயே வந்து இருக்கட்டும். நாலு மனுஷாளைப் பார்த்தால் சரியாகிவிடும்." அவன் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் உடனே தலையாட்ட மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்லுகிறேன்.

நான் போய் இறங்கிய அன்றுதான் தொட்டிக்கு மேலே புதிய விளக்கை மாட்டியிருந்தான். பழைய விளக்கைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம். "வெயில் ஜீவன்தானே, வெயிலைக் கொடுப்போம்" என்று முழு வேகத்தில் போட்டுவிட்டான். ஹாலே கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. நான்காம் நாள் கிளைகளின் நுனி வெளுத்தது. ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல் நின்றது. தம்பி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். வயதான சீனர். அவர் சொன்னதைத் தம்பி எனக்குத் தமிழில் விளக்கினான். பவளப் பூச்சியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பூச்சி அதற்கு இடம் கொடுக்கிறது. பாசி வெயிலைக்கொண்டு சமைத்துப் பூச்சிக்குச் சாப்பாடு போடுகிறது. நிறமும் பெரும்பாலும் பாசி கொடுத்ததுதான். வெளிச்சம் திடீரென்று மிஞ்சிவிட்டால் பாசிக்கு அதைச் செலவழிக்கத் தெரிவதில்லை, விஷமாக மாற்றிவிடுகிறது. பூச்சி தாங்கமுடியாமல் தனக்குச் சோறு போடுகிறவனையே வெளியே தள்ளுகிறது. பிறகு கண்ணாடி போன்ற சதைக்குள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது பாறை பாறையாக வெளுத்ததும் இப்படித்தான்.

"செத்துப் போச்சா?" என்றேன்.

"இல்லை அண்ணே. பட்டினி கிடக்கு. பாசி திரும்பி வந்தால் பிழைக்கும்."

வைத்தியம் எளிது, பொறுமைதான் கஷ்டம். விளக்கை உயர்த்திக் கட்டி, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தார்கள். எரியும் நேரத்தையும் குறைத்தார்கள். மேலே இருந்த கிளைகளைத் தொட்டியின் அடிமணலுக்கு இறக்கினார்கள். நாற்றுப்பண்ணையில் கட்டுகிற மாதிரி வலைத்துணியை இரண்டு மடிப்பாக மூடினார்கள். வாரத்துக்கு ஒரு சிறு அளவு வெளிச்சம் கூட்டவேண்டும். ஒரு மடிப்பு எடுக்கவேண்டும். கிளையை ஒரு படி மேலே ஏற்றவேண்டும். வெளுத்தால் மறுபடி ஒரு படி இறங்கவேண்டும். "இரண்டு மாசம் ஆகும்" என்றார் சீனர். புது வெளிச்சத்துக்கு ஏற்றபடி பாசி தன்னை மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டுமாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா போய் நான்கு மாதம் ஆனபோது, நானும் ஒரு பெரிய விளக்கை மாட்டியவன்தான். 'இந்தக் காலத்தில் ஒரு மூலையில் முடங்குவதா' என்று வீறாப்பாக, அம்மாவைத் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டு போய், முன் வரிசையில் உட்கார வைத்தேன். முந்நூறு பேர் பார்த்தார்கள். முப்பது பேர் துக்கம் விசாரித்தார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தவள் ஒரு மாதம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் செய்தது சரி என்றுதான் அதுவரையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் தம்பியிடம் அதைச் சொன்னேன். இதற்குமுன் சொன்னதில்லை. அவன் வலைத்துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டான். "அப்படியானால் டிக்கெட் இப்போது வேண்டாம்" என்றான்.

ஊர் திரும்பியதும் முதலில் அம்மாவின் அறை ஜன்னலில் ஒரு கதவைத் திறந்தோம். அவள் மூடவில்லை. சில வாரம் கழித்து, தெரு அடங்கிய பிறகு திண்ணைக்கு வந்தாள். பிறகு கூட்டம் இல்லாத ஒரு பிற்பகல், பிரகதாம்பாள் கோயில். பிறகு தஞ்சாவூரில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம்; மூன்றாம் நாளே திரும்பிவிட்டாள். நாங்களும் ஒரு படி இறங்கினோம், மறுபடி ஏறினோம்.

இந்தத் தை மாதம் அம்மா சிங்கப்பூர் போனாள், ஒரு மாதத்துக்கு மட்டும். கிளைகளில் மூன்று செத்துவிட்டன. மற்றவை நிறம் கொண்டிருந்தன. வெகுநேரம் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாளாம்.

"ஏம்ப்பா, இதுக்கு இந்த வெளிச்சம் கண்ணைக் கூசாதா?" என்று கேட்டாளாம்.

"பழகிப் போச்சும்மா" என்றானாம் தம்பி.