திரும்பும் காற்று

எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குப் பிறந்த வருஷம் தெரியாது, புயல் தெரியும். “அம்பத்திரெண்டுப் புயலப்ப அவன் கைப்புள்ள” என்பார்கள். “அம்பத்தஞ்சுப் புயலுக்கு மறுவருஷம் எனக்குக் கல்யாணம்” என்பார்கள். எனக்கு வாய்த்தது 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயல். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே 10 கிலோமீட்டருக்குள் அது கரையேறியது. எங்கள் ஊரும் அந்தப் பத்துக்குள்தான் இருந்தது.

தீபாவளி போன கையோடு வந்த புயல். முறுக்கு இன்னும் டின்னில் இருந்தது. நாகைத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று ரேடியோ சொன்னதும் அப்பா செய்த முதல் வேலை, மாடுகளை அவிழ்த்துவிட்டது. கட்டுத்தறியில் நின்றால் கொட்டகை விழுந்து செத்துப்போகும். சித்தப்பா கூரைக்கொட்டகை மேல் வைக்கோல் பிரியைக் குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். இருட்டியதும் வாசல் கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்து, அது நழுவாமல் இருக்க அம்மிக்கல்லைப் புரட்டி வைத்தார்கள்.

பிள்ளைகளை எங்கே வைப்பது? “பத்தாயத்துல எறக்கு” என்றாள் அப்பாயி. சம்பா அறுக்கத் தை ஆகும், ஐப்பசியில் பத்தாயம் பாதிக்கு மேல் காலி. மேலே இருக்கும் வாயைத் திறந்து, ஒவ்வொருவராகக் கக்கத்தில் கை கொடுத்து உள்ளே விட்டார் அப்பா. பின்னாலேயே முறுக்கு டின்னும் இறங்கியது. காலுக்கடியில் நெல் நழுவிக்கொண்டே இருந்தது. சொணை பட்டு முழங்காலும் கழுத்தும் அரித்தன. சொறியச் சொறிய எரிந்தது. அந்தக் கெட்டிப் பலகைக்கு உள்ளேயும் காற்று கேட்டது. ஊளை என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அது ஏறி இறங்காத ஒரே சத்தம், இடைவெளியே கிடையாது. அதற்கு மேல், நாட்டு ஓடுகள் வரிசையாகப் பெயர்ந்து முற்றத்தில் விழுகிற சலசலப்பு. அக்கா ஒவ்வொரு முறுக்காக ஒடித்து எல்லோருக்கும் பங்கு வைத்தாள். பயத்திலும் பங்கில் சண்டை வந்தது.

நடுச்சாமத்தில் கொல்லைக் கதவு இடிபட்டது. எங்கள் வயலில் வேலை செய்தவர்களின் தெருவில் ஒரு குடிசைகூட நிற்கவில்லை. முதலில் மாட்டுக்கொட்டகையில்தான் ஒண்டியிருக்கிறார்கள். பிரி கட்டிய கூரையும் போன பிறகே கதவைத் தட்டியிருக்கிறார்கள். அப்பாயி திறந்துவிட்டாள். அதுவரை கொல்லைப்புறத்தைத் தாண்டி வந்திராத குடும்பங்கள் கூடத்தில் உட்கார்ந்தன. அந்தப் பிள்ளைகள் சிலரும் பத்தாயத்துக்குள் வந்தார்கள், முறுக்கு இன்னும் சின்னத் துண்டாயிற்று. புயல் சாதியை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வாரம் திரும்புவதற்குள் அவர்கள் கொல்லைப்புறத்தில் நின்றுதான் கூலி வாங்கினார்கள்.

விடியும் முன் காற்று பட்டென்று நின்றது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடு தேடக் கிளம்பினார். அப்பாயி மறித்தாள்.

“எங்கடா கெளம்பிட்ட? வடக்க அடிச்சது தெக்க திரும்பும். அம்பத்திரெண்டுல ஒங்க பெரியப்பன் இப்புடித்தான் போனாரு, பொணமாத்தான் வந்தாரு. ஒக்காரு!”

அப்பா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. வடக்குக் காற்றில் ஆட்டம் கண்டிருந்த சுவர்களை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் நிற்குமா? வாசல் திண்ணைச் சுவரும் புளியமரமும் அந்த இரண்டாவது காற்றில்தான் விழுந்தன.

வங்கக்கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவது. அது மேற்கே நகரும்போது நேர்வழியில் இருக்கும் ஊருக்கு முதலில் வடக்குக் காற்று, நடுவில் கண், கண் கடந்ததும் தெற்குக் காற்று. இதைப் பிற்பாடு பூகோளப் பாடத்தில் படித்தேன். அப்பாயி எழுத்தறியாதவள்.

காலையில் தென்னந்தோப்பு தரையோடு படுத்திருந்தது. பெரியவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நாங்கள் விழுந்த மரத்தின் குருத்தை வெட்டச் சொல்லித் தின்றோம். அவ்வளவு இனிப்பு. பல வருஷக் காய்ப்பைத் தின்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் புயலில் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து, 19-ஆம் தேதி ஆந்திராவின் திவிசீமையில் கடல் புகுந்து ஆயிரமாயிரமாய் மாண்டபோது, எங்கள் புயல் பேப்பரிலிருந்து மறைந்துபோனது.

அமெரிக்காவில் டொர்னாடோ வந்தால் நிலவறைக்குள் இறங்கிவிடுகிறார்கள். சுழல் சில நிமிஷத்தில் ஓரிடத்தைக் கடந்துவிடும் என்பதால் அது சரி. எங்கள் கரையில் நாலு முழம் தோண்டினால் தண்ணீர். கடல் ஏறினால் பள்ளத்தில் இருப்பவன்தான் முதலில் போவான். அன்று கடல் எங்கள் தெரு வரை வந்திருந்தால் அந்தப் பத்தாயமே எங்களுக்குச் சமாதியாகியிருக்கும். அதனால் அப்பாயியின் இந்த யோசனையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயலும் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையேறியது. இப்போது கடலோர ஊர்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். மைக்கில் கூப்பிட்டால் இருட்டுவதற்குள் போய்விடுங்கள். வீட்டிலேயே இருக்க நேர்ந்தால், காற்று நின்றுவிட்டதே என்று கதவைத் திறக்காதீர்கள். அது திரும்பி அடித்து ஓயட்டும்.