தொட்டி கட்டிய கதை

உபாத்தியாயர்களுக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் அதைக் கணக்காக்கி விடுவார்கள். ஓசூருக்கு அருகே நாம் குடியிருக்கும் தெருவில் மழைத் தொட்டிகள் எழுந்ததும் ஒரு கணக்கினால்தான்.

ஒரு நாள் வகுப்பில், "நானூறு சதுர அடிக் கூரையின் மீது வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு ஜலம்?" என்று கேட்டோம். இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவு மழை பெய்கிறது. பிள்ளைகள் பெருக்கிப் பார்த்து, 30,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்றார்கள். சிந்தியது சிதறியது போக 20,000 லிட்டராவது தேறும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று வைத்தால், வருஷத்துக்கு 9,125 லிட்டர்தான்.

கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்படியானால் எங்கள் அம்மா ஏன் ஸார் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிறாள்?" என்று கேட்டாள். நமது கணக்குப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

இந்தச் சீமையின் பூமி கருங்கல் பூமி. ஆயிரம் அடி துளைத்தும் வெறும் புழுதி வரும் ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளையும் சுமந்துகொண்டு, கெலவரப்பள்ளி அணையில் பல சமயம் வெள்ளை நுரையாகப் பொங்கி நிற்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு கலந்திருக்கிறது. பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கும் அந்த உப்பு, காய்ச்சினாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே முக்கியமாக இதன் பொருட்டுத்தான்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அநேகர் அந்நீரைக் குழி வழியே பூமிக்குள் இறக்கினார்கள். அது நல்ல காரியமே. ஆனால் குடிக்கும் ஜலத்தைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி பாறையிடம் யாசிப்பானேன்? 5,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் ஒரு குடும்பம் 200 நாள் கோடையைத் தாண்டிவிடலாமே!

தெருக் கூட்டம் போட்டோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் தெரு. நல்ல வேளையாக, "தொட்டி" என்ற சொல் மூன்று பாஷைக்கும் பொது. கோழி வலையைச் சுற்றிச் சிமெண்டுக் கலவை பூசும் தொட்டி மலிவு என்று அறிந்து, சித்திரை வெயிலில் முதல் தொட்டியைக் கட்டினோம். பூசிய பின் ஒரு வாரத்துக்கு மேல் ஈரம் காயாமல் நீர் ஊற்றி வரவேண்டும் என்று கொத்தனார் படித்துப் படித்துச் சொன்னார். தண்ணீர் இருந்தால் தொட்டி எதற்கு? நாம் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோம். தொட்டி தாராளமாக விரிசல் கண்டது. தெரு முழுவதும் சிரித்தது.

ஆடியில் மறுபடி ஆரம்பித்தோம். மழையே தொட்டியை நனைத்துக் காத்தது. ஆலைப் புகையும் காக்கை எச்சமும் படிந்த கூரையை முதல் மழை கழுவிய நீர் 20 லிட்டரையும் வெளியே விடத் தனிக் குழாய் வைத்தோம். கொசு புகாமல் மூடியும் சன்னமான வலையும் போட்டோம். சொந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள்.

அப்போதுதான் உண்மையான விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. தொழிற்சாலை வேலையை நம்பி வந்தவர்களில் பலர் லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். கூரை ஒருவருடையது, தாகம் இன்னொருவருடையது. "இன்று தொட்டி என்பார்கள், நாளை பாத்தியதை என்பார்கள்" என்று கதவைச் சாத்தினார் ஒரு வீட்டுக்காரர்.

ஐந்து லைன் வீடுகளுக்கு உரிமையாளரான ஒரு பாட்டியம்மாள் மட்டும், "கூரைக்கு வாடகை வாங்குகிறேன், மழைக்குமா வாங்குவேன்?" என்று தெலுங்கில் கேட்டாள். ஒரே நிபந்தனை போட்டாள்: முதல் குடம் அவள் வீட்டுக்கு வரவேண்டும்! ஐந்து குடும்பங்களும் பணம் போட்டுக் கட்டின. அந்த முதல் குடத்தில் அவள் காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள்.

கணக்குக் கேட்ட அந்தப் பெண்ணின் குடும்பம் இருப்பது, கதவைச் சாத்திய வீட்டுக்காரரின் லைனில். அவள் தாயார் இன்னும் லாரிக்குக் காத்திருக்கிறாள். தெருவில் எத்தனை தொட்டி என்று யாராவது பெருமையாகக் கேட்டால், நமக்கு அந்தப் பெண்ணின் முகந்தான் நினைவுக்கு வருகிறது.

இதை வாசிப்பவர்களில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இருப்பீர்கள். அடுத்த மழையின்போது உங்கள் கூரையின் கீழ் யார் குடத்தோடு நிற்கிறார்கள் என்று ஒரு முறை போய்ப் பாருங்கள்.