செவிக்குள் ஓர் இரைச்சல்

பஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அமைதியில் ஆழ்ந்திருந்தது. மின்விசிறிகளும் நின்றுவிட்ட அவ்வேளையில், சுவர்க்கோழி ஒன்று இடைவிடாது கத்தக் கேட்டேன். அருகிலிருந்த பெரியவரிடம் சொன்னேன். அவர் செவிமடுத்துப் பார்த்துவிட்டு, “ஒன்றும் கேட்கவில்லையே, தம்பி” என்றார். வீடு திரும்பிய பின்னும் அவ்வொலி ஓயவில்லை. அது சுவரில் இல்லை, என் செவிக்குள் இருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஈராண்டுகள் இதைப்பற்றி எவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. பிறர் கேளாத ஒலியைக் கேட்பதாகச் சொன்னால் என் அறிவையே ஐயுறுவரோ என்று அஞ்சினேன். இரவில் உறக்கம் குறைந்தது. பகலில் சினம் மிகுந்தது. மாணவர்கள் முணுமுணுப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. ஒருநாள் கடைசி வரிசை மாணவன் ஒருவன் ஐயம் கேட்க எழுந்தான். மும்முறை சொல்லச் செய்தும் எனக்கு விளங்கவில்லை. “வாயைத் திறந்து பேசத் தெரியாதா?” என்று கடிந்து உட்காரச் செய்தேன். அதன்பின் அவன் என்னிடம் ஐயம் கேட்கவே இல்லை.

இறுதியில் என் மகள்தான், “வாப்பா, மாணவர்கள் மீது குற்றமில்லை, உங்களுக்குத்தான் காது மந்தம்” என்று சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். செவித்திறனைச் சோதித்தவர்கள் சொன்னது தமிழாசிரியனாகிய என்னைத் திகைக்க வைத்தது. உயிரொலிகள் என் செவிக்கு நன்கு எட்டின. க, ச, த, ப ஆகிய மெய்களே நழுவின. வல்லினம் என் செவியில் மெலிந்து போயிருந்தது!

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. முதுமையாலோ பேரொலியாலோ அவை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. வரவேண்டிய ஒலி குறைந்ததும் மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் எழுவதே இவ்விரைச்சல் என்பது அறிஞர் பலர் தரும் விளக்கம். இளமையில் தந்தையாரின் அரிசி ஆலையில் எந்திரத்தின் அருகே கழித்த நாள்கள் என் நினைவுக்கு வந்தன.

இது பித்தின் அறிகுறியன்று. ஹெல்லர், பெர்க்மன் என்னும் அறிஞர்கள் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல செவித்திறன் உடைய 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்தினர். அவர்களுள் 94 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். தம் செவிகள் இரவும் பகலும் இரைவதாக 1801இல் நண்பருக்கு மடல் எழுதிய இசைமேதை பீத்தோவன், ஏறத்தாழ ஈராண்டுகள் மக்களின் கூட்டுறவைத் தவிர்த்து வந்ததையும் அதில் ஒப்புக்கொண்டார். என்னைப் போலவே!

இரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் உதவி உண்டு. செவியழுக்கு, சில மருந்துகள் போன்றவை காரணமாயின் அவற்றைச் சரிசெய்யலாம். எனக்குக் காதொலிக் கருவி பொருத்தினர். இரவில் மெல்லிய ஒலி ஒன்றை ஒலிக்கவிட்டு உறங்கப் பழக்கினர். அச்சத்தையும் கவலையையும் தணிக்கும் உளவியல் பயிற்சியும் பலருக்குப் பயன் தருகிறது. ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு ஒத்து ஒலித்தாலோ, திடீரெனக் காது மந்தமானாலோ சிறிதும் காலந்தாழ்த்தலாகாது. காதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருப்பது தீங்காகவும் முடியலாம்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கின்றார்கள். நான் சபுர் என்று எண்ணியிருந்தது சபுரன்று, வெறும் நாணம். அதன் விலையை என் வீட்டாரும் மாணவரும் கொடுத்தனர். பெரியவர்களே, மறைக்காதீர்கள். இளைஞர்களே, செவியில் பொருத்திக் கேட்கும் பாட்டின் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கருவி பொருத்திக்கொண்ட மறுநாள் அம்மாணவனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அன்று கேட்க வந்தது என்னவென்று வினவினேன். “வல்லினம் மிகும் இடம் பற்றி, ஐயா” என்றான். ஒவ்வொரு மெய்யும் தெளிவாகக் கேட்டது. சுவர்க்கோழி இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதை நான் இப்போது பொருட்படுத்துவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்!