எங்கே என்று கேட்கும் அட்டவணை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு தொடர்மாடி எழும்புகிறது. காணி பதினைந்து பேர்ச்தான். பிளாக் கல்லும் கம்பியும் இறக்கி வைக்கக்கூட இடமில்லை. தகரக் கொட்டிலுக்குள் திட்டமிடல் பொறியியலாளரான இளம்பெண் மடிக்கணினியில் வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

நான் போன சைட்டுகளில் எல்லாம் சுவரில் ஒட்டிய பட்டை அட்டவணையைத்தான் கண்டிருக்கிறேன். எந்த வேலை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும் என்று அது சொல்லும். எங்கே என்று சொல்லாது. இவரோ கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் காணி, ஒழுங்கை, மின்கம்பம், பாடசாலை வாசல் எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தேதி கொடுத்திருக்கிறார். 2020இல் வந்த 3.14ஆம் பதிப்பு முதல் அதில் காலத்தை நகர்த்திப் பார்க்கலாம். அவர் நாட்களைத் தள்ளத் தள்ள, தளங்கள் நிறம் மாறின. கட்டுமான அட்டவணையைப் புவியியல் தகவல் முறைமைக்குள் கொண்டுவருவது பற்றி இந்தியாவின் பன்சாலும் மகேஷ் பாலும் 2008இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

முதல் சிக்கல் பழைய நில அளவைப் படம். இலங்கையின் பழைய ஆள்கூற்று வலையில் பிதுருதலாகலை மலைக்குக் கிழக்காகவும் வடக்காகவும் 2,00,000 மீற்றர் என்று பெறுமானம். 1999ஆம் ஆண்டு வலையில் 5,00,000. கவனிக்காமல் போட்டால் வெள்ளவத்தைக் காணி தெற்கே 300, மேற்கே 300 கிலோமீற்றர் தள்ளி இந்து சமுத்திரத்தில் போய் விழும். அவர் அதைச் செய்து காட்டியபோது திரையில் வெறும் நீலம்தான் இருந்தது.

வரைபடத்தில் திருவிழாக்களும் இருந்தன. ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் காலி வீதியை நம்பிக் கொங்கிறீட் கேட்கக் கூடாது. கலவையில் தண்ணீர் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது தொழிலில் நெடுநாள் கணக்கு. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், சிவப்பாக இருந்தது. இந்த நகரத்துக்கு இப்படித்தான் அட்டவணை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைக்குள் இன்னொரு கட்டிடம். மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்திருந்தது. வியாழக்கிழமை சிலாப் போட வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த மேசன் பாஸ் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“மிஸ், மிக்சர் உள்ள வரும். ஆனா அந்த முடக்குல திரும்பாது.”

“அகலம் காணும் என்று பிளான் காட்டுதே அண்ணா?”

“பிளான்ல அந்தப் படிக்கட்டு இல்ல மிஸ்.”

நாடாவை எடுத்துக்கொண்டு நடந்தோம். பழைய வீடு ஒன்றின் சிமெந்துப் படி ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பாஸ் குனிந்து நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தார், நகக்கண்ணெல்லாம் சிமெந்து. படிக்கும் எதிர்மதிலுக்கும் இடையில் பெரிய லொறி வளைய இடமில்லை. அந்தப் படியை அவர் இருபது தடவையாவது கடந்திருப்பார். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. அதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

பொறியியலாளர் அங்கேயே நின்று படியை வரைபடத்தில் ஏற்றினார். சின்ன மிக்சர்தான் வர வேண்டும்; நடைகள் கூடும்; வீதி ஓய்ந்த நாள் வேண்டும். சிலாப் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது.

பாஸ் தயங்கி நின்றார். “ஞாயித்துக்கிழம ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தேன் மிஸ். மகளுக்குச் சடங்கு.”

பொறியியலாளர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியை மறுபடி திறந்தார்.