பாட்டும் பந்தும் படிப்பும்

"பரீட்சை நேரத்துல பாட்டு என்ன வேண்டிக் கிடக்கு?" இந்தப் பேச்சு கேட்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? படிக்கிற பிள்ளை என்றால் புஸ்தகமும் கையுமாகத்தான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் லீவில் பார்த்துக் கொள்ளலாம் என்பது நம் வழக்கம். பரீட்சைக்கு முதல் நாள்கூட அரைமணி நேரம் பாடிவிட்டுப் படிக்க உட்காருகிற பிள்ளைகளை நான் பிலிப்பைன்ஸில் பார்த்தேன். பார்த்ததை உங்களோடு பகிர்ந்து கொள்ளலாமே என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் அந்த நாட்டின் தென்கோடியில் இருக்கும் டாவோ நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். போன வருஷம் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அவளோடு தங்கி, ரசமும் சாதமுமாகச் சமைத்துப் போட்டுவிட்டு வந்தேன். மகள் இருப்பது மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரப் பாட்டி, நர்சிங் படிக்கும் பேத்தி, ஒன்பதாவது படிக்கும் பேரன். பிள்ளைகளின் அம்மா துபாயில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும்.

இது அந்த ஊரில் அதிசயமே இல்லை. சுமார் 20 லட்சம் பிலிப்பைன்ஸ்காரர்கள் வெளிநாடுகளில் வேலை பார்க்கிறார்களாம். அதில் பாதிக்கு மேல் பெண்கள். அம்மா அனுப்பும் பணத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், பாட்டிமார் வளர்க்கிறார்கள்.

பேத்தி என்னை 'தீத்தா' என்று கூப்பிடுவாள். முதலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவுக்குப் பெண்பால் போலிருக்கிறதே! அத்தை, சித்தி என்று அர்த்தமாம். வெளியே போய் வந்தால் பாட்டியின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக் கொள்வாள். நம் நமஸ்காரம் மாதிரி அது அவர்கள் மரியாதை.

சாயங்காலம் ஆனால் பேரனை வீட்டில் பார்க்க முடியாது. கூடைப்பந்து! பிலிப்பைன்ஸை அமெரிக்கா ஆண்ட காலத்தில், அதாவது 1898-க்கும் 1946-க்கும் நடுவில், பள்ளிக்கூடம் வழியாக வந்த விளையாட்டு இது. இன்று தெருவுக்கு ஒரு வளையம். தென்னைமரத்தில் பலகையை அடித்துக்கூட மாட்டியிருக்கிறார்கள். 1954-ல் உலகப் போட்டியில் மூன்றாவது இடம் பிடித்த தேசம். 1975-ல் ஆசியாவிலேயே முதல் தொழில்முறை கூடைப்பந்துச் சங்கம் தொடங்கியதும் அவர்கள்தான். இத்தனை பெருமை இருந்தும், நம் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவது போலத்தான் ஆடுகிறார்கள். காலில் ரப்பர் செருப்பு, சில சமயம் அதுவும் இல்லை. பெரியவன் சின்னவன் என்ற பேதம் கிடையாது. தோற்றவர்கள் குளிர்பானம் வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

பேத்திக்குப் பாட்டு. அங்கே பாடாத பிள்ளையே இல்லையோ என்று தோன்றும்! 'வீடியோக்கே' என்று ஒரு பெட்டி. பாட்டின் வரிகள் திரையில் ஓடும், வாத்தியம் பின்னால் ஒலிக்கும், நாம் மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியதுதான். முடிந்ததும் பெட்டியே மார்க் போடும். இந்த மாதிரிக் கருவியை 1971-லேயே ஜப்பானில் ஒருவர் செய்துவிட்டார். என்றாலும் ரொபெர்ட்டோ டெல் ரொசாரியோ என்ற பிலிப்பைன்ஸ்காரர் தான் உருவாக்கிய கருவிக்கு 1983-லும் 1986-லும் காப்புரிமை வாங்கினார். அதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. மணிலாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் 'மட்ரிகல் சிங்கர்ஸ்' என்ற பாடகர் குழு 1963-ல் தொடங்கியது. எதிரே நின்று கையசைத்து நடத்துகிறவர் யாரும் கிடையாது. அரைவட்டமாக உட்கார்ந்தே பாடுவார்கள். ஐரோப்பாவின் பெரிய பரிசை 1997-லும் 2007-லும் வாங்கி வந்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷன் பாட்டு பரிசுக்காகப் பாடியது அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எல்லோரும் கூடத்தில் கூடுவார்கள். அப்போது துபாயில் பகல் பன்னிரண்டு, அம்மாவுக்கு ஓய்வு நாள். போனில் அம்மாவின் முகம் தெரியும். சத்தம் கொஞ்சம் தாமதமாகப் போவதால் சேர்ந்து பாட முடியாது. அதனால் இவர்கள் ஒரு பாட்டு, அம்மா ஒரு பாட்டு. அம்மா பாடும்போது பாட்டி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்று கேட்பாள். ராத்திரி நேரமானால் மைக்கை அணைத்துவிட வேண்டும். அதில் பாட்டி ரொம்பக் கண்டிப்பு.

ஒரு நாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, வாரத்துக்கு ஒரு நாள்தான் அம்மா உட்கார்ந்து பேசறாங்க. அதையும் பாட்டுலயே கழிச்சுடறீங்களே?"

அவள் சிரித்தாள். "பேச ஆரம்பிச்சா சாப்டியா, படிச்சியா, பணம் வந்துதான்னு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும் தீத்தா. அப்புறம் அம்மா அழுவாங்க, நானும் அழுவேன். பாடினா ஒரு மணி நேரம் எங்ககூடவே இருக்காங்க."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மழை நாளில் இன்னொரு வேடிக்கை. பாட்டி ஒரு மரப்பலகையை எடுத்து வந்தாள். பார்த்தால் நம் பல்லாங்குழி! 'சுங்கா' என்கிறார்கள். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு சோழி. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி, அதற்கு 'வீடு' என்று பெயர். சோழியைப் போட்டுக் கொண்டே போய், தன் வீட்டில் அதிகம் சேர்த்தவர் ஜெயித்தார். நான் உட்கார்ந்தேன். பாஷை தெரியாவிட்டால் என்ன, விரல்களுக்குத் தெரிந்திருந்ததே! பாட்டியும் நானும் பேசிக் கொண்டதைவிட ஆடியதுதான் அதிகம். நாம் ஆடுகிற பாண்டி அங்கே 'பீக்கோ'. கோலியும் பம்பரமும்கூட உண்டு.

எல்லாமே பழங்கால விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். செல்போன் அங்கேயும் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகிறது. 'மொபைல் லெஜெண்ட்ஸ்' என்ற போன் விளையாட்டில் அந்த நாட்டுக் குழுக்கள் உலகப் பட்டமே வாங்கியிருக்கின்றன. பேரனும் ராத்திரி போர்வைக்குள் அதையே ஆடிக் கொண்டிருப்பான். பாட்டி போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பாள். பாட்டிமார் எந்த தேசத்திலும் ஒரே மாதிரிதான் போலும்!

பாட்டுப் பாடினால் மார்க் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. 2018-ல் பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த பொதுத் தேர்வில், வாசிப்பில் பிலிப்பைன்ஸ் கடைசி இடம். அதைச் சொல்லி அந்த ஊர் வாத்தியார்களே வருத்தப்படுகிறார்கள். நம் பிள்ளைகள் படிப்பில் காட்டும் கவனம் குறைந்ததல்ல. ஆனால் மார்க் ஒரு பக்கம் இருக்கட்டும். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை மனசு ஒடிந்து போகாமல் இருக்கிறதே, அதற்கு எந்தப் பாடப்புஸ்தகம் உதவும்?

டிசம்பர் வந்ததும் மூங்கில் குச்சியும் கலர்க் காகிதமும் கொண்டு நட்சத்திர விளக்கு கட்டினார்கள். 'பாரோல்' என்று பெயர். 16-ம் தேதியிலிருந்து 24 வரை ஒன்பது நாள், விடியற்காலையில் சர்ச்சில் பூஜை. நம் மார்கழி பஜனைதான் எனக்கு ஞாபகம் வந்தது. பேத்தி அங்கே குழுவோடு பாடிவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போவாள். அந்தக் களைப்பிலும் சாயங்காலம் தம்பிக்கு கிடார் சொல்லிக் கொடுப்பாள். அவனோ பந்து ஞாபகத்திலேயே இருப்பான். விடமாட்டாள்.

"அவனுக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடேன்" என்றேன்.

"நான் நர்ஸ் ஆனதும் வெளிநாட்டுக்குப் போயிடுவேன் தீத்தா. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை இங்கேயிருந்து பாட யார் இருக்கா? அவன்தானே அம்மாவுக்கும் எனக்கும் வாசிச்சுக் காட்டணும்" என்றாள். இருபது வயசுப் பெண்! அதை அவள் பொழுதுபோக்கு என்று நான் எப்படிச் சொல்வேன்?

என் மகள் புஸ்தகத்தை விட்டு நிமிராதவள். அந்த ஞாயிறு அவளையும் இழுத்து உட்கார வைத்தார்கள். பெட்டியில் தமிழ்ப் பாட்டு ஏது? வாத்தியம் இல்லாமலே சின்ன வயசில் கற்ற ஒரு பாட்டைப் பாடினாள். பாட்டி கைதட்டினாள். துபாயிலிருந்து அந்த அம்மாவும் கைதட்டினாள். அன்று ராத்திரி மகள் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சாதம் கூடச் சாப்பிட்டாள். தாய்க்கு வேறென்ன வேண்டும்?

சகோதரிகளே, அங்கே பார்த்ததில் மூன்று விஷயம் நம் வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒன்று, பிள்ளை ஆசையாகச் செய்கிற எதையும் உடனே வகுப்பில் சேர்த்து, ஃபீஸ் கட்டி, பரிசு வாங்கி வா என்று விரட்ட வேண்டாம். இரண்டு, பெரியவர்களும் சேர்ந்து செய்யக் கூடியதாக ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். தனியே போனைப் பார்ப்பதற்கும், பாட்டியோடு சோழி உருட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. மூன்று, பரீட்சை வந்தால் நேரத்தைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். நம் பிள்ளைகளும் நாளைக்குப் படிப்பென்றும் வேலையென்றும் எங்கெங்கோ போகப் போகிறவர்கள்தானே? போகிற இடத்தில் மனசு வாடினால் கைகொடுக்க ஒரு பாட்டோ பந்தோ கூட இருக்கட்டும்.

போன வாரம் மகள் போன் செய்தாள். எலுமிச்சங்காய் ஊறுகாய், பருப்புப்பொடியோடு ஒரு பல்லாங்குழியும் வேண்டுமாம், கீழ்வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்க. பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். சோழிதான் நாலு குறைகிறது. வாங்கிச் சேர்த்து அனுப்ப வேண்டும்.