நாயுடுபுரத்துல அகழி கிடையாது!

ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணி. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு டீக்கடை. வாயைத் திறந்தாலே புகை வருகிற குளிர். பக்கத்து பெஞ்சில் ஒரு நியூஸ்பேப்பரைச் சுற்றி மூணு பேர், காரசாரமான விவாதம். அரசியலா... கிரிக்கெட்டா... ம்ஹூம்! வண்டலூர் சிங்கம்!

"கொடைக்கானல் போற... சரி. ஆனா தூண் பாறை, படகு, சாக்லேட் மூணும் கட்டுரையில வரக் கூடாது" என்று எங்கள் ஆசிரியர் கண்டிஷன் போட்டுத்தான் அனுப்பியிருந்தார். நைஸாக நம் டீ கிளாஸோடு அந்த பெஞ்சுக்கு நகர்ந்தேன்.

ஒருத்தர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற அண்ணன். ஸ்கூல் டூர் ஏற்றிக்கொண்டு வருஷா வருஷம் வண்டலூர் போய் வருகிறவர். இன்னொருத்தர் ரிட்டயர்டு வாத்தியார். மூணாவது, பிளஸ் டூ படிக்கிற தம்பி. டீ ஆத்திக்கொண்டே நாலாவது ஆளாக கடைக்கார அக்கா. ஞாயிறு தவறாமல் இந்த ஜமா கூடுமாம். சப்ஜெக்ட் எப்பவும் மிருகங்கள்தான்.

"வண்டலூர் பார்க் 1985-ல எம்.ஜி.ஆர். திறந்தது. ஆனா அதோட ஆரம்பம் 1855. எழும்பூர் மியூசியத்துல எட்வர்டு பால்ஃபர்னு ஒரு டாக்டர், உயிரோட இருக்குற மிருகங்களை வெச்சா கூட்டம் கூடுதுன்னு கண்டுபிடிச்சு ஆரம்பிச்சார். நாட்டுல ரொம்பப் பழைய ஜூக்கள்ல அதுவும் ஒண்ணு" என்று வகுப்பே எடுத்தார் வாத்தியார்.

"கம்பிக் கூண்டு காலமெல்லாம் போயிருச்சு சார். இப்ப நமக்கும் புலிக்கும் நடுவுல அகழிதான். பசங்க பஸ்ஸை விட்டு இறங்குனதும் 'கூண்டு எங்கண்ணா'னுதான் கேக்கும்" என்றார் வேன் அண்ணன்.

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். அகழி என்றதும் சும்மா இருக்க முடியுமா? "கம்பி போட்டா பார்வை மறையும்ணா. அகழின்னா பார்க்குறவங்களுக்குத் தடுப்பே தெரியாது. ஆனா மிருகம் தாண்ட முடியாத அகலமும் ஆழமும் இருக்கணும். அதான் டிசைன்" என்று நானும் புகுந்தேன்.

"புலிதானே தம்பி தாண்டாது? கிருமி தாண்டுச்சே!" என்றார் வாத்தியார்.

பெஞ்சே அமைதியாகிவிட்டது. 2021 ஜூன் மாசம் வண்டலூர் சிங்கங்களுக்கு கொரோனா வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஜூன் 3-ம் தேதி நீலா என்கிற ஒன்பது வயசுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16-ல் பத்மநாதன் என்கிற 12 வயசு ஆண் சிங்கம். "அந்த சிங்கத்தையெல்லாம் நான் பசங்களுக்குக் காட்டியிருக்கேன்பா" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார் அண்ணன்.

இறுக்கத்தை உடைத்தது பிளஸ் டூ தம்பிதான். "சிவகார்த்திகேயன் 2018-ல அனுங்கிற வெள்ளைப்புலியைத் தத்தெடுத்தார்ல... சாப்பாட்டுச் செலவு, பராமரிப்பு எல்லாம் கட்டுனா போதுமாம். நான் சம்பாதிச்சதும் ஒரு காட்டுமாட்டைத் தத்தெடுக்கப் போறேன்!"

"அதை எதுக்குடா தத்தெடுக்கணும்? அதுதான் தெனமும் என் கடை வாசல்ல நிக்குதே!" என்றார் அக்கா. செம சிரிப்பு!

அக்கா சொன்னது ஜோக் இல்லை, நிஜம். காய்கறித் தோட்டம், வீட்டு வாசல், மெயின் ரோடு என்று கொடைக்கானல் ஊருக்குள் காட்டுமாடுகள் சாதாரணமாக நடமாடுகின்றன. பேப்பரில் 'காட்டெருமை' என்று போடுகிறார்கள். எருமைக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது, இது மாட்டு இனம். சங்க இலக்கியத்தில் 'ஆமா' என்று வருவது இதுதான். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரைகூட இருக்கும். அதாவது, ஒரு சின்ன கார்! நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருப்பதுதான் அடையாளம்.

"வண்டலூர்லயும் இது இருக்கு. அங்க டிக்கெட் எடுத்துப் பார்க்குறோம். இங்கயே ஒரு பார்க் கட்டி எல்லாத்தையும் உள்ள விட்டுட்டா ஊருக்கும் நிம்மதி, டிக்கெட் காசும் வரும்" என்று ஐடியா கொடுத்தான் தம்பி. கையோடு பேப்பர் ஓரத்தில் பிளானே போட்டுவிட்டான். சுற்றி அகழி, நடுவில் குட்டை, மேலே நின்று பார்க்க மரப்பாலம். "இன்ஜினீயர் அண்ணே, கரெக்டா இருக்கா பாருங்க!"

பிளான் அழகுதான். ஆனால், வாத்தியார் கணக்கு கேட்டார். "வண்டலூர் எவ்வளவு பெருசு?"

"602 ஹெக்டேர்" என்றான் தம்பி. பையன் கில்லி!

"அதாவது ஆறு சதுர கிலோமீட்டர். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல அறிவிச்சாங்க. அது 600 சதுர கிலோமீட்டருக்கு மேல. வண்டலூர் மாதிரி நூறு பார்க்! அவ்வளவு காடு இருந்தும் அது நாயுடுபுரத்துக்கு ஏன் வருது?"

நான் 'ஙே' என்று விழித்தேன். பதிலையும் அவரே சொன்னார். பழனி மலை உச்சியில் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது புல்வெளி. அதில் சவுக்கு மாதிரி வளரும் வேட்டில், தைலமரம், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. சுமார் 40 வருஷத்தில் இங்கே இருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காலி என்கிறது அது. பைன் மரத்தடியில் புல் எங்கே முளைக்கும்? பசிக்கிற மாடு தோட்டத்துக்கும், ரோட்டோரக் குப்பைக்கும் வருகிறது.

"அதோட இது முதல் அட்டவணை விலங்கு. நினைச்ச மாதிரி பிடிக்க முடியாது. பார்க் கட்டவும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தோட அனுமதி வேணும். பியர் சோலா அருவின்னு பேர் இருக்கே, எதுக்குன்னு தெரியுமா? கரடி வந்து தண்ணி குடிச்ச இடமாம். இப்ப பேர் மட்டும்தான் மிச்சம். காட்டுமாடும் அப்படி ஆகிறக் கூடாதுப்பா" என்றார் வாத்தியார்.

தம்பி பேப்பரை மடித்து பாக்கெட்டில் வைத்தான். அப்போதுதான் அக்கா மெதுவாக, "எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தால்... வளைவில் அது! பனியிலிருந்து கறுப்பாக ஒரு முதுகு, அப்புறம் கொம்பு, அப்புறம் வெள்ளை சாக்ஸ். எனக்கு ஆசிரியர் ஞாபகம் வந்துவிட்டது. போட்டோ! அட்டைப்படமே கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நாலடி, அஞ்சடி, பத்தடி... ஃபோகஸ் கிடைக்கவில்லை. இன்னும் ரெண்டடி வைத்தேன். அது மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு.

சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். வேன் அண்ணன். பெஞ்சுக்குப் பின்னால் கொண்டுவந்துதான் விட்டார். அது ரெண்டடி முன்னால் வந்து நின்றது. எங்களைப் பார்த்தது. என் முழங்கால் நடுங்கியது எனக்கே தெரிந்தது. அப்புறம் என்ன நினைத்ததோ, ரோட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டது.

"வண்டலூர்ல அகழியை அவங்க வெட்டி வெச்சிருக்காங்க. இங்க நாமதான் தம்பி வெட்டிக்கணும்" என்றார் அண்ணன். திட்டவில்லை. அதுதான் ரொம்பச் சுட்டது. அரை மணி நேரம் முன்னால் அகழி டிசைன் பற்றி லெக்சர் கொடுத்தவன் நான்!

காட்டுமாடு முட்டிக் காயம்பட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. செல்ஃபி எடுக்கப் போகிற நமக்கு அது வெறும் போட்டோ. ராத்திரி கடை சாத்திவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடக்கிற அக்காவுக்கு அது தினசரி பயம். நாம் கிட்டே போய் சீண்டிவிட்டு பஸ் ஏறிவிடுவோம். மிரண்ட மாட்டின் எதிரில் அடுத்து வருவது அக்காதான்.

ஸோ, ஃப்ரெண்ட்ஸ்... கொடைக்கானல் போனால் நாயுடுபுரத்தில் ஒரு இஞ்சி டீ குடியுங்கள். காட்டுமாடு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். சிப்ஸ் பாக்கெட்டை ரோட்டில் போடாதீர்கள்.

போட்டோவா? ஸாரி சார், கிடைக்கவில்லை. பதிலுக்குத் தம்பி போட்ட பிளானைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அகழியை அவனே அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'புல்' என்று எழுதிக் கொடுத்தான்.